இரண்டு பூட்டுப் போட்ட கொட்டகை

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த மறுநாள் காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்தேன். எதிரே ஒரு சவப்பெட்டி. அதற்குள்ளிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒரு கால், யாரோ பாடுகிற பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் என் மாமியார் பால் சொம்பைக் கீழே போட்டுவிட்டார். கால்கள் உள்ளே போயின. அவை இருந்த இடத்தில் ஒரு தலை எழுந்தது. முகமெல்லாம் வியர்வை, கையில் தேங்காய்நார், கொண்டையில் விரல் நீளத்துக்கு ஒரு கோணி ஊசி.

“புதுப்பொண்ணா? ஏன்மே கத்துற? கயுவிக்கினு கீறேன்” என்றாள், ஏதோ நான்தான் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டதுபோல. ஜன்னலைச் சாத்திவிட்டு, என்னை இந்த வீட்டில் கட்டிக்கொடுத்த என் அப்பாவை மனதாரத் திட்டினேன்.

மாமியார்தான் விளக்கினார். எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்களும், ரயில்வேயில் கரி அள்ளுகிறவர்களும்தான் இருந்தார்கள். செத்தால் சொந்தமாகப் பெட்டி செய்துகொள்ள யாருக்கும் வசதி கிடையாது. அதற்காக மாதா கோயிலுக்குப் பின்னால், எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு எதிரே, ஒரு கொட்டகையில் பொதுப்பெட்டி ஒன்று இருந்தது. தூம்பா என்பார்கள். செத்தவரை அதில் வைத்துத் தோளில் தூக்கிப் போவார்கள். கல்லறையில் பாயோடும் வெள்ளைத் துணியோடும் உடம்பை எடுத்துக் குழியில் இறக்கிவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். அடுத்தவருக்கு வேண்டுமே. உள்ளே தகரம் அடித்த கனத்த தேக்குப் பெட்டி. தெருவில் பாதிப் பேருடைய அப்பனும் பாட்டனும் அதில்தான் போயிருந்தார்கள்.

அந்தக் கொட்டகையின் சாவி, பெட்டிக்குள் கால் நீட்டிக் கிடந்த அவளிடம் இருந்தது. மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் கட்டியிருப்பாள். பகலில் அவளுக்குத் துறைமுகத்தில் வேலை. கோதுமைக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த அறுபதுகள் அவை. கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைக்கிற பெண்கள் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கொண்டையில் ஊசி இருந்ததற்குக் காரணம் அதுதான். தெருவே அவளைப் பெட்டிக்காரி என்றது. பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. நான் அக்கா என்று கூப்பிட்டேன். இங்கே ‘அவர்’ என்று மரியாதை போட்டு எழுதினால் ‘இன்னாமே, யாரச் சொல்ற?’ என்று கேட்பாள். அதனால் ‘அவள்’ என்றே இருக்கட்டும்.

அவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. கட்டுமரம் தள்ளப் போகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அவர்கள் கிளம்புகிற நேரமாகப் பார்த்துத் தெருவில் நடப்பாள். திரும்புகிறவனைப் பார்த்து, “போ நைனா, போய்த் தண்ணி குட்சிட்டு வா. எத்தினி தபா திரும்பினாலும் கடசில எங்கிட்டதான் வரணும்” என்பாள். அவன் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பாள்.

பெட்டி எப்படி அவளிடம் வந்தது என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். நான் அவளிடமே கேட்டேன். முதலில் அதைப் பார்த்துக்கொண்டது அவள் புருஷன். துறைமுகத்தில் பாரம் தூக்கும்போது சங்கிலி அறுந்து செத்துப்போனான். அவனையும் அதே பெட்டியில்தான் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் வாசலில் நின்றாள். பெட்டி திரும்பி வந்தது. தூக்கிவந்தவர்கள் அதை மழையில் போட்டுவிட்டு, குளிக்க வேண்டும் என்று ஓடிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. தனியாக இழுத்துக் கொட்டகைக்குள் போட்டு, தாலி அறுத்த அன்றைக்கே உட்கார்ந்து கழுவினாள். அப்புறம் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. யாருக்கு வேண்டும் அந்த வேலை?

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். எந்தச் சாவாக இருந்தாலும் ஊர்வலத்துக்குப் பின்னால் கல்லறை வாசல்வரை போவாள், வெளியே நிற்பாள், காலிப் பெட்டியோடு திரும்பி நடப்பாள். பொம்பளை என்ன இப்படி என்று முணுமுணுத்தார்கள். “செத்தவன பாக்க நான் வரல. பொட்டிய இட்டுக்கினு போவ வந்தேன்” என்று சொல்லிவிட்டாள்.

இது உன் பெட்டி மாதிரி நடந்துகொள்கிறாயே என்று நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னுடையதாக இருந்தால் எப்போதோ விறகாக்கி எரித்திருப்பேன் என்றாள். ஆண்டவர் கொடுத்து வைத்திருப்பது, அவர் கேட்கிறபோது பளிச்சென்று இருக்க வேண்டாமா என்றாள். இதைப் பக்திப் பேச்சாக அவள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சல்லடையைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அந்தப் பெட்டிக்கு நேர்ந்த பெரிய அவமானம் மீன்காரர்களால் வந்தது. வஞ்சிரம் அள்ளிக்கொண்டு வந்த ஒரு வாரம். மீன் கரையில் குவிந்து கிடக்கிறது, ஐஸ் கிடைத்துவிட்டது, போட்டு வைக்கப் பெட்டி போதவில்லை. அக்கா எண்ணூரில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு பேருக்கு மூளை வேலை செய்தது. உள்ளே தகரம் அடித்திருக்கிறது, மூடி இருக்கிறது, நீளமும் வஞ்சிரத்துக்கு எடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்? கொட்டகையின் பின்தட்டியைப் பிரித்துப் பெட்டியை எடுத்து, ஐஸும் மீனுமாக நிரப்பிச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்ப வந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அலசி, இருந்த இடத்தில் வைத்தும்விட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதில் தவறு ஒன்றும் இல்லை. பெட்டி சும்மாதானே கிடந்தது?

அவள் திரும்பி வந்து மூடியைத் திறந்தவுடன் தெரிந்துவிட்டது. கடலோரத்தில் மீன் வாசனையைக் கண்டுபிடிக்க ஒரு மூக்கு போதும். யார் வீட்டு மீன் என்று கண்டுபிடிக்க அவள் மூக்கு வேண்டும். பட்டப்பகலில் பெட்டியை நடுத்தெருவில் வைத்து, அந்த இரண்டு பேரையும் வரவழைத்து, ஒவ்வொருவராக உள்ளே படுக்கச் சொன்னாள். படுத்தார்கள். அவள் கையில் கோணி ஊசி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூடியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, நிதானமாக ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்தாள். உள்ளே இருந்தவன் கத்திய கத்தலில் எங்கள் வீட்டுக் கோழி கூரை ஏறிவிட்டது. மூடியைத் திறந்து, “எப்டி கீது வாசன? உங்க ஆத்தா இதுலதான் போவணும்” என்றாள். அவன் எழுந்து போய் அவளுக்குப் புளியும் சாம்பலும் கொண்டுவந்து கொடுத்தான். எவ்வளவு தேய்த்தும் அந்த மாதம் போனவர்களிடம் லேசாக வஞ்சிர வாசனை இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் உயிரோடு இருந்தவர்களிடமும் அது இருந்தது.

நான் அவளிடம் ஒட்டிக்கொண்டது வேறொரு விஷயத்தால். நான் முழுகாமல் இருந்தபோது மாமியார் என்னை முனைக் குழாயிலிருந்து இரண்டு குடமாகத் தண்ணீர் தூக்க வைப்பார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவரும் அப்படித் தூக்கியவர்தான், அதனால் நானும் தூக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். ஒருநாள் அக்கா வழிமறித்து இடுப்புக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அதுவரை பெட்டிக்காரி எங்கள் வாசல்படி ஏறியதே இல்லை. மாமியார் பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். “வவுத்துல கீறது உன் வூட்டு சொத்துன்னு நெனச்சிக்கினு கீறியா? ஆண்டவரு உங்கிட்ட பாத்துக்கச் சொல்லி குட்த்து வெச்சிக்கீறாரு. ஒயுங்கா பாத்துக்க” என்று சொல்லிக் குடத்தை இறக்கிவிட்டுப் போனாள். மாமியார் அன்று முழுக்க வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே அவளைத் திட்டினார். மறுநாள் குழாய்க்கு அவரே போனார்.

இப்போது மரக்கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வெள்ளை வேட்டி, மடித்த கைக்குட்டை, எதைச் சொன்னாலும் ‘கமிட்டி முடிவு’ என்று முடிப்பார். என் வீட்டுக்காரருக்கு வேலை அவருடைய மரக்கடையில்தான், வாள் அறுக்கிற இடத்தில். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். பொதுப்பெட்டி ஒரு பெண்பிள்ளையிடம், அதுவும் வாய் நீண்டவளிடம் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் வந்தது. திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்து முடிந்து, பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் எங்கள் தெருப் பையன் ஒருவன். அப்பா இல்லை, அம்மா அக்காவோடு கோணி தைக்கிறவள். கடைசல் வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன், மாதக்கணக்கில் படி ஏறி இறங்கியும் எங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்று தெரிந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்து மறுநாள் நடுப்பகலில் உடம்பைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள்.

அப்படிப் போனவனுக்குக் கோயில் மணி கிடையாது, கோயில் கல்லறையில் இடம் கிடையாது. அந்தக் காலத்துச் சட்டம் அது. கார்ப்பரேஷன் இடுகாட்டில் புதைத்துக்கொள்ளலாம். அதை அந்தத் தாயும் ஏற்றுக்கொண்டுவிட்டாள். பொதுப்பெட்டியும் கிடையாது என்று சேர்த்துக்கொண்டது மரக்கடைக்காரர். கோயில் பங்குச் சாமியார் அன்று ஊரில் இல்லை. யாரோ ஒரு நல்லவன், வேறு வழி தெரியாமல், மீன்கூடை ஏற்றுகிற கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அந்த வண்டியைப் பார்த்ததும் அந்தத் தாய் அழுவதை நிறுத்திவிட்டாள். “எம்புள்ளைய மீனு மாரி இட்டுக்கினு போவாதீங்க” என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாமல் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

அக்கா துறைமுகத்திலிருந்து நேராக வந்தாள். தலை, இமை எல்லாம் கோணித் தூசி. வண்டியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், கொட்டகைப் பக்கம் திரும்பினாள். அங்கே மரக்கடைக்காரர் கமிட்டி ஆட்களோடு கதவை மறைத்து நின்றிருந்தார். பெட்டி கோயில் சொத்து, இவனுக்குக் கிடையாது என்பது கமிட்டி முடிவு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

“குட்த்தவரு வந்து கேக்கட்டும். குட்த்துட்றேன்” என்றாள்.

யார் கொடுத்தது என்று அவர் கேட்டார். அவள் கொட்டகைக்கு மேலே தெரிந்த கோயில் சிலுவையைக் கையால் காட்டினாள். அவர் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பையன் செய்தது சாவான பாவம், நரகத்துக்குப் போகிற பாவம், அது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று தெருவுக்கே கேட்கும்படிக் கேட்டார்.

“தெரியும் நைனா. தப்புதான் பண்ணிக்கினான். அத்த அவரு கேட்டுக்குவாரு. எங்கைல அவரு பொட்டியத்தான் குட்த்தாரு. தராசு குடுக்கல.”

சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்து சாவியை எடுத்தாள். மறைத்து நின்றவர்களை அவள் தொடவில்லை, தள்ளவில்லை. அவர்கள் மேல் இடித்துக்கொள்கிற நெருக்கத்துக்கு நடந்து போனாள், அவர்கள்தான் விலகினார்கள். பெட்டிக்காரி மேலே பட்டால் ஆகாது என்ற பயத்துக்கு அன்றுதான் ஒரு பிரயோஜனம் வந்தது.

கதவு திறந்துவிட்டது. தூக்க ஆள் வேண்டுமே? ஆண்கள் யாரும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒருவனுக்குத் தங்கையின் கல்யாண அறிவிப்பைக் கோயிலில் ஓலையாக வாசிக்க வேண்டும், இன்னொருவன் கமிட்டி வீட்டில் குடியிருக்கிறான், என் வீட்டுக்காரருக்கு மரக்கடையில் வேலை. என் மகளுக்கு ஞானஸ்நானம்கூட இன்னும் ஆகவில்லை. அக்கா பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள். கோணி தைக்கிற பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். பின்முனையில் ஆள் இல்லை. அவள் கண் சுற்றி வந்து, இடுப்பில் பிள்ளையோடு நின்ற என்மேல் நின்றது.

“அந்தாண்ட புடி” என்றாள்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் மரக்கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் இடுப்பிலிருந்து பிள்ளையை யாரோ வாங்கினார்கள். என் மாமியார். “போ” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக, அவர் என்னைத் தூக்கவைத்த அத்தனை குடத்தையும் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

பெண்கள் தோளில் பெட்டி போனதை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. கனம் என்றால் அப்படி ஒரு கனம். தேக்கும் தகரமும் ஒரு பிள்ளையும். அவன் அம்மா பக்கவாட்டில் பெட்டியைத் தொட்டபடியே நடந்தாள். தெருமுனை தாண்டியதும் எங்கள் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து தோள் மாற்றினார்கள். தெருமுனை வரைக்கும்தான் மரக்கடைக்காரரின் பார்வை எட்டும். டீக்கடை பாய் ஒருவர், யார் எவர் என்று கேட்காமல், கல்லாவை விட்டு இறங்கி வந்து கொஞ்ச தூரம் தோள் கொடுத்துவிட்டுப் போனார். இடுகாட்டில் மந்திரம் சொல்ல ஆளில்லை. அக்கா தனக்குத் தெரிந்த பரலோக மந்திரத்தையே சொன்னாள். மீன்காரனை உள்ளே வைத்து மூடி மேல் உட்கார்ந்து சொன்னாளே, அதே மந்திரம். எனக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்து சிரிப்பு முட்டியது, கூடவே அழுகையும் வந்தது. காலிப் பெட்டியோடு திரும்பி வந்தோம். அவள் உட்கார்ந்து கழுவினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன்.

அந்த வாரமே என் வீட்டுக்காரருக்கு மரக்கடையில் வேலை போனது. கொஞ்ச நாள் கஞ்சிதான். அப்புறம் ரயில்வேயில் தினக்கூலியாகச் சேர்ந்தார். சாமியார் திரும்பி வந்து என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானத்தாயாக நான் யாரை நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மரக்கடைக்காரர் விடவில்லை. கெட்ட சாவு போன பெட்டி, இனி யாருக்கும் ஆகாது, எரித்துவிட்டுக் கண்ணாடி வைத்துப் புதிதாக ஒன்று நானே செய்து தருகிறேன் என்று கிளம்பினார். உங்கள் அப்பாவும் இதில்தானே போனார், அவர் போன பெட்டியையா எரிக்கப்போகிறீர்கள் என்று அக்கா கேட்டாள். எரிப்பது நின்றது. அதற்குப் பதிலாகப் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அவள் பூட்டைத் தட்டி எடுத்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால், கதவின் மேல்வளையத்தில் இன்னொரு பூட்டு தொங்கியது. அவளுடையது. அவள் இல்லாமல் அவரால் திறக்க முடியாது, அவர் இல்லாமல் அவளால் திறக்க முடியாது.

அவர் சாமியாரிடம் போய் முறையிட்டார். சாமியார் நல்ல குசும்புக்காரர். ரெண்டு பூட்டு இருந்தால் திருட்டுப் போகாது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிப்பேன். தெருவில் சாவு நிற்கவா போகிறது? ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு சாவியும் வர வேண்டும். தன் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினால் இவள் பேசி மயக்கிவிடுவாள் என்று மரக்கடைக்காரருக்குப் பயம். அதனால் அவரே வருவார். மூட்டைக்காரன் செத்தாலும் வருவார், வலைக்காரன் செத்தாலும் வருவார். பூட்டைத் திறந்துவிட்டு விலகி நிற்கப் பார்ப்பார். அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, வேறு ஆளே இல்லாத மாதிரி அவரைப் பார்த்து, “அந்தாண்ட புடி நைனா” என்பாள். துக்கவீட்டார் பார்த்துக்கொண்டு நிற்கிறபோது முடியாது என்று எப்படிச் சொல்வது? மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால், வேட்டி நுனி மண்ணில் புரள, பிடிப்பார். கொட்டகையிலிருந்து தெரு வரைக்கும்தான். பெட்டி திரும்பி வருகிறபோதும் பூட்ட வர வேண்டும். அவள் கழுவி முடிக்கிற வரையில் நின்றுகொண்டிருப்பார். அவள் அன்றைக்கென்று மெதுவாகத் தேய்ப்பாள்.

அவர் மனம் மாறினார் என்று நான் எழுதமாட்டேன். மாறவில்லை. அதன்பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நாளாவட்டத்தில் கைக்குட்டை காணாமல் போனது, ஒற்றைக் கை இரண்டு கையானது. பெட்டி கனமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கோணித் தூசி. ஆஸ்பத்திரியிலிருந்து இனிமேல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கழுத்துக் கயிற்றை அவளே அறுத்துச் சாவியை என் கையில் வைத்தாள். ஏதாவது பெரிதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “தகரத்துல ஒரு மூலைல துரு புட்ச்சிக்கீது, பாத்துக்க” என்றாள். பிறகு மூச்சு வாங்கிவிட்டு, “என்ன இட்டுக்கினு போன பொட்டி ஒயுங்கா திரும்பி வரணும். நான் வரலன்னா பரவால்ல” என்றாள். நான் அழுததற்குக் கோபித்துக்கொண்டாள்.

அவள் போன அன்று தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அவளைக் கண்டு திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் கடலுக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள். நான் சாவியோடு கொட்டகைக்குப் போனேன். மரக்கடைக்காரர் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. அவர் பூட்டை அவர் திறந்தார். என் பூட்டை நான் திறந்தேன். உள்ளே போனேன். தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்கிறதை நான் சொல்லலாமா என்று வாயைத் திறப்பதற்குள், அவர் அந்தப் பக்கம் போய்க் குனிந்து பிடித்துவிட்டார்.

கோணி தைக்கிற பெண்கள்தான் அவளைத் தூக்கிப் போனார்கள். இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை. மணி அடித்தது. நான் பெட்டிக்குப் பின்னால் போனேன், காலிப் பெட்டியோடு திரும்பி நடந்து வந்தேன். கொட்டகை வாசலில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். துருப்பிடித்த மூலையைக் கொஞ்சம் அதிக நேரம் தேய்த்தேன். மரக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

பெட்டியை உள்ளே வைத்தோம். அவர் தன் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இனி அந்தச் சாவி உனக்கு எதற்கு, அவள்தான் போய்விட்டாளே, கமிட்டியிடம் கொடுத்துவிடு என்றார். குரலில் அதட்டல் இல்லை, பழக்கம்தான். பழைய பயம் எழுந்தது. அவர் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லி வளர்ந்த பயம் அது. வேலையை முன்பே பிடுங்கியாயிற்று, இனி என்ன பிடுங்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் வாயில் வந்தது அந்தக் கோபம் இல்லை.

“குடுத்தவரு வந்து கேக்கட்டும். குடுத்துட்றேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கொட்டகைக்கு மேலே பார்த்தார். பிறகு தன் பூட்டைப் பூட்டினார். நான் மேல்வளையத்தில் என் பூட்டைப் போட்டுப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.